இன்றிரவு ஒன்பதரை மணிக்கு...

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்கும் உத்தேசம் இல்லை. சிரிப்பதாக இருந்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். பரவாயில்லை, சிரியுங்கள். டிக்கெட் காசை நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். ரூபாய் 23,500.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குள் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியாக வேண்டும். கெடு. (தமிழில் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தற்செயல் அல்ல.) அந்த நேரம் பார்த்து செல்போன் 'டிங்' என்றது.

'அன்புள்ள நுகர்வோரே, தங்களுடைய சென்ற மாத மின் கட்டணம் அப்டேட் ஆகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனடியாக எங்கள் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்.' கீழே ஒரு செல்போன் நம்பர்.

பில் கட்டியிருந்தேன். கட்டியது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 'நீ கட்டவில்லை' என்று ஒருத்தர் எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டால், கட்டினவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. நம் ஊரில் ரசீதை விட மிரட்டலுக்கு மதிப்பு ஜாஸ்தி.

இப்போது ஆற அமர யோசித்தால், அந்த நாலு வரியில் மூன்று ஓட்டைகள். ராத்திரி ஒன்பதரைக்கு எந்த லைன்மேன் கம்பத்தில் ஏறுவார்? அதிகாரி எதற்காகத் தன் செல்போன் நம்பரைத் தருகிறார்? எல்லாவற்றுக்கும் மேலாக, என் மின் இணைப்பு எண் அதில் எங்கே? இந்த மூன்று கேள்வியையும் ஒரு எட்டாம் கிளாஸ் பையன் கேட்டிருப்பான். அவனுக்கு ஐந்து மணிக் கெடு இல்லை.

போன் செய்தேன். எதிர்முனையில் அபாரமான மரியாதை. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

"ஸார், டென்ஷன் ஆகாதீங்க. ஸிஸ்டத்துல ஒரு சின்ன அப்டேட்தான். பத்து ரூபா கட்டினா போதும். லைன்லயே இருங்க, நானே கூட இருந்து முடிச்சுத் தர்றேன்."

ஒரு சின்ன ஆப்பை இறக்கச் சொன்னார். "உதவிக்கு, ஸார்." இறக்கினேன். அதில் ஒரு எண் வந்தது. கேட்டார், சொன்னேன். அப்புறம் அவர் அனுப்பிய பக்கத்தில் என் டெபிட் கார்டு நம்பரை அடித்தேன். ஓ.டி.பி. வந்தது.

இந்த இடத்தில் நான் மிகவும் உஷாராக இருந்தேன் என்பதைச் சரித்திரத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நான் இறக்கிய ஆப், என் செல்போன் திரையை அப்படியே அவருக்கு லைவ் ரிலே செய்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பணம் எண்ண, அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று கூடவே எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பத்து ரூபாய் போகவில்லை. 23,500 போனது. பையனின் இரண்டாவது டெர்ம் ஃபீஸ்.

"ஸர்வர் ப்ராப்ளம் ஸார், தானா திரும்ப வந்துடும்" என்றார். கடைசி வரை மரியாதை குறையாமல் 'குட் ஈவினிங்' சொல்லிவிட்டு வைத்தார்.

நான் பி.காம். 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தருபவர் நான். பெறுபவர் யாரென்றே தெரியாவிட்டால் எப்படிப் பதிவு எழுதுவது என்று மட்டும் காலேஜில் சொல்லித் தரவில்லை.

இது முதல் முட்டாள்தனம். இரண்டாவதாக ஒன்று செய்தேன், இதை விடப் பெரிது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் டாக்கா வரை போய்வர வேண்டும்.

*

ஹாக்கர் என்றால் சினிமா நமக்கு ஒரு உருவத்தைக் கொடுத்திருக்கிறது. இருட்டு ரூம், தலையை மூடிய சட்டை, கறுப்புத் திரையில் சரசரவென்று ஓடும் பச்சை எழுத்துக்கள். பத்து விரலாலும் படபடவென்று அடித்துவிட்டு, 'ஐ'ம் இன்' என்பார். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் நம்மை மாதிரி மாதச் சம்பளக்காரர்கள் பர்ஸில் கை வைக்க அவ்வளவு கஷ்டப்பட வேண்டியதில்லை.

கெவின் மிட்னிக் என்று அமெரிக்காவில் ஒரு ஜகஜ்ஜாலக் கில்லாடி இருந்தார். எஃப்.பி.ஐ. வருஷக்கணக்கில் தேடி 1995 பிப்ரவரியில் பிடித்தது. ஜெயிலிலிருந்து 2000-ல் வெளியே வந்து, கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு ஆலோசகராகி, 2023-ல் காலமானார். அவருடைய முதல் 'ஹாக்' நடந்தது பன்னிரண்டு வயதில், கம்ப்யூட்டரே இல்லாமல். லாஸ் ஏஞ்சலீஸ் பஸ்களில் வண்டி மாறிப் போக ஒரு டிக்கெட் தருவார்கள். அதில் டிரைவர் ஒரு விசேஷ பஞ்ச்சால் ஓட்டை போடுவார். பையன் டிரைவரிடம் போய், "ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வேண்டும். இந்த பஞ்ச் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டான். டிரைவர் சந்தோஷமாகச் சொன்னார். டெப்போ குப்பைத் தொட்டியில் மிச்சம் மீதி டிக்கெட் புத்தகங்கள் கிடந்தன. அப்புறமென்ன, ஊரெல்லாம் ஓசி சவாரி.

கவனியுங்கள். பையன் எதையும் உடைக்கவில்லை. கேட்டான், கொடுத்தார்கள்.

இதற்கு 'ஸோஷியல் இன்ஜினீயரிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு வருஷப் படிப்போ அரியர்ஸோ இல்லாத ஒரே இன்ஜினீயரிங். பூட்டைத் திறக்காதே, பூட்டுக்காரனையே திறக்கச் சொல். அவ்வளவுதான் ஸிலபஸ்.

'உன்னை மாதிரி சாதாரண ஆசாமிகள் ஏமாறுவார்கள். பெரிய இடங்களில் இதெல்லாம் நடக்குமா?' என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது. ஒரு நாட்டின் மத்திய வங்கியில்.

*

2015 ஜனவரி. நமக்கு ரிசர்வ் வங்கி மாதிரி அவர்களுக்குப் பங்களாதேஷ் வங்கி. டாக்காவில் அதன் ஊழியர்கள் சிலருக்கு ஒரு ஈமெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ரஸல் அஹ்லம். உங்கள் நிறுவனத்தில் வேலை செய்ய மிகுந்த ஆவல், என் பயோடேட்டாவை இந்த இடத்தில் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏகப்பட்ட பணிவுடன் எழுதியிருந்தார்.

வேலை கேட்டு வருகிற கடிதத்தை யார் சந்தேகப்படுவார்கள்? நாமும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்கள்தானே. ஒருவராவது இறக்கிப் பார்த்தார். ரஸல் அஹ்லம் என்று ஒருவர் இல்லவே இல்லை. பயோடேட்டாவோடு உள்ளே போனது ஒரு வைரஸ்.

உள்ளே நுழைந்த ஆசாமிகள் உடனே கல்லாவில் கை வைக்கவில்லை. அவர்கள் அவசரப்படுவதே இல்லை, அவசரம் நமக்கு மட்டும்தான். ஒரு வருஷம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகத் தாவி, யார் எப்போது வருகிறார், எப்படிக் கையெழுத்தாகிறது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பணம் அனுப்புகிறார்கள் என்று பாடம் படித்தார்கள். நடுவில் மே மாதம், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஒரு வங்கிக் கிளையில் நான்கு கணக்குகள் திறக்கப்பட்டன. தலா 500 டாலர். அப்புறம் ஒன்பது மாசத்துக்கு அந்தக் கணக்குகளில் போடலும் இல்லை, எடுப்பும் இல்லை.

பங்களாதேஷின் டாலர் கையிருப்பில் ஒரு பகுதி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்தது. அங்கிருந்து பணம் அனுப்ப 'ஸ்விஃப்ட்' என்ற செய்தி அமைப்பு வழியாக உத்தரவு போக வேண்டும். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை ராத்திரி டாக்காவிலிருந்து 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95.1 கோடி டாலர். எல்லாம் அசல் பாஸ்வேர்டுடன், அசல் கம்ப்யூட்டரிலிருந்து போனவை. நியூயார்க்காரர்களுக்கு அது டாக்கா ஆபீஸ் அனுப்பியது மாதிரியேதான் இருந்தது.

அந்த ஆபீஸில் ஒரு பிரிண்டர் உண்டு. ஒவ்வொரு உத்தரவும் அதில் தானாக அச்சாகி விழும். வெள்ளிக்கிழமை பார்த்தால் பிரிண்டர் ஓடவில்லை. ஆபீஸில் பிரிண்டர் ஓடாதது ஒரு செய்தியா? உங்கள் ஆபீஸில் நாளைக்கு மக்கர் பண்ணினால் போலீஸையா கூப்பிடுவீர்கள்? பேப்பரை உருவிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, டீ குடிக்கப் போவீர்கள். அவர்களும் வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள். அதை ஊமையாக்கியதே திருடர்கள்தான்.

இனிமேல்தான் விஷயமே. பங்களாதேஷில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வந்து விபரீதம் புரிந்து நியூயார்க்கைக் கூப்பிட்டால், அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை நியூயார்க் விழித்துக்கொண்டால், மணிலாவில் சீனப் புத்தாண்டு லீவு. 'பணத்தைக் கொடுக்காதே' என்று டாக்கா அனுப்பிய செய்தி பூட்டிய கிளையில் காத்துக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கதவு திறந்தது, மிச்சப் பணமும் போயே போனது.

எல்லாரும் இதைக் கம்ப்யூட்டர் ஹாக்கிங் என்கிறார்கள். என்னைக் கேட்டால், முக்கால்வாசி காலண்டர் ஹாக்கிங்.

முழுத் தொகையும் போகாமல் காப்பாற்றியது எது தெரியுமா? தெருப் பெயர். அந்த மணிலா கிளை இருந்தது ஜூபிடர் தெருவில். அமெரிக்கா தடை செய்திருந்த ஈரானியக் கப்பல் ஒன்றுக்கும் ஜூபிடர் என்று பெயர். பெயரைப் பார்த்ததும் நியூயார்க்கில் மணி அடித்து, 85 கோடி டாலருக்கான உத்தரவுகள் நின்றன. தப்பிப் போனவை ஐந்து. அதில் இரண்டு கோடி டாலர் இலங்கையில் ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் பெயருக்குப் போனது. திருடர்கள் 'ஃபவுண்டேஷன்' ஸ்பெல்லிங்கைத் தப்பாக அடித்திருந்தார்கள். வழியில் ஒரு வங்கிக்காரர் கண்ணில் அது பட்டு, பணம் திரும்பியது. இங்கிலீஷ் வாத்தியார்கள் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததன் மதிப்பு இரண்டு கோடி டாலர்.

மீதி 8.1 கோடி டாலர் மணிலாவில் இறங்கி, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. அந்த வருஷம் திரும்பக் கிடைத்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர்தான். 2018-ல் அமெரிக்கா வட கொரியாவைக் கை காட்டியது. வட கொரியா இல்லவே இல்லை என்றது.

இன்னொரு தகவல். பங்களாதேஷ் வங்கி இதை வெளியே சொல்லவில்லை. அந்த நாட்டு நிதி அமைச்சருக்கே பல வாரம் கழித்துப் பத்திரிகைச் செய்தி மூலமாகத்தான் தெரிந்தது. 2016 மார்ச்சில் வங்கியின் கவர்னர் ராஜினாமா செய்தார். இந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் ஏற்பட்டது. ஏன் என்று கடைசியில் புரியும்.

*

23,500 ரூபாயானாலும் 8.1 கோடி டாலரானாலும் திருடனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. பணம் போவதற்கு முன்னால் நம்மிடம் அவசரம் இருக்க வேண்டும். போன பின் தாமதம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வேஷம். வேஷங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2000-ஆம் வருஷம் மே மாதம் உலகம் முழுவதும் ஆபீஸ்களுக்கு ஒரு ஈமெயில் வந்தது. தலைப்பு: 'ஐ லவ் யூ'. கூடவே ஒரு காதல் கடிதம். டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி தெரியும். பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிட்டதால், அது ஒரு புரோகிராம் என்று தெரியாது. திறந்தால் நம் அட்ரஸ் புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும், மேனேஜர் உள்பட, நம் பெயரில் ஐ லவ் யூ போகும். மணிலாவைச் சேர்ந்த ஒரு மாணவர் எழுதியது. அப்போது அந்த நாட்டில் இதற்குச் சட்டமே இல்லாததால் தண்டனையும் இல்லை. 2024-ல் நம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியது கல்யாணப் பத்திரிகை. தொட்டால் போட்டோ திறக்காது, 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு ஆப் உட்கார்ந்துகொண்டு, நம் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்க ஆரம்பிக்கும். இருபத்து நாலு வருஷத்தில் காதல் கல்யாணத்தில் முடிந்திருக்கிறது. வேறு முன்னேற்றம் இல்லை.

பழைய பைக்கை விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். பேரமே பேசாமல் ஒருவர் வாங்கிக்கொள்கிறார். பெரும்பாலும் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். 'பணம் அனுப்பறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்பார். பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? பிச்சைக்காரர் தட்டை நீட்டுகிறார், அதில் அவர் கையெழுத்தா போடுகிறார்? பின் நம்பர் போட்டால் பணம் போகும். வராது. அவ்வளவுதான் சட்டம்.

வீட்டில் உட்கார்ந்தபடி வீடியோக்களுக்கு லைக் போட்டால் தினம் காசு என்று ஒரு வேலை. முதல் நாள் நிஜமாகவே 150 ரூபாய் வரும். தூண்டிலில் புழுவும் நிஜம்தான். நாலாம் நாள், 'பெரிய டாஸ்க்குக்கு ஐயாயிரம் டெபாசிட்' என்பார்கள்.

அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்காரர்கள் தனியாகக் கவனிக்கவும். 2013 முதல் 2015 வரை லிதுவேனியா நாட்டு ஆசாமி ஒருவர், தைவான் சப்ளையர் ஒருவரின் பெயரில் கம்பெனி ஆரம்பித்து, போலி பில் அனுப்பினார். அனுப்பியது கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும். இரண்டு பேரும் சேர்ந்து 12 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். பில் வந்தது, பாஸ் பண்ணினார்கள். 2019-ல் அவருக்கு ஐந்து வருஷ ஜெயில். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்' என்று எந்த சப்ளையராவது எழுதினால், பணம் அனுப்புவதற்கு முன் பழைய நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். கடிதத்தில் இருக்கிற நம்பருக்கு இல்லை. ஈமெயில் விலாசத்தையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இங்கிலீஷ் 'ஆர்' பக்கத்தில் 'என்'னை ஒட்டினால் அவசரப் பார்வைக்கு 'எம்' மாதிரியே தெரியும்.

பாஸ்வேர்டு. ராக்யூ என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 2009-ல் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதில் முதல் இடம்: 123456. உங்களுடையது அதுவல்ல, மனைவி பெயரும் பிறந்த வருஷமும் என்று பெருமைப்பட வேண்டாம். ஒரே சாவியை வீடு, பீரோ, ஆபீஸ், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. ஏதோ ஒரு பீட்ஸா கடையில் கசிந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, திருடன் உங்கள் ஈமெயில் வாசலில் போட்டுப் பார்ப்பான். ஆகவே ஈமெயிலுக்கும் வங்கிக்கும் மட்டுமாவது தனித்தனி நீளமான பாஸ்வேர்டு, அதற்கு மேல் இரண்டாவது தாழ்ப்பாளாக 'டூ ஸ்டெப்' சரிபார்ப்பு.

செல்போனில் திடீரென்று சிக்னல் செத்துப்போய், பக்கத்து ஸீட்காரருக்கு மட்டும் முழுசாக இருந்தால், கம்பெனியைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உங்கள் பெயரில் யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். உங்கள் ஓ.டி.பி.க்கள் அங்கே வந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, 'டிஜிட்டல் அரெஸ்ட்'. வீடியோ காலில் ஒரு போலீஸ்காரர் தெரிவார். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், ரூமை விட்டு நகராதே, யாரிடமும் பேசாதே என்பார். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அந்த உத்தரவில் உயிர்நாடி எது என்று பாருங்கள். 'யாரிடமும் பேசாதே.' பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

*

நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம் அதுதான். யாரிடமும் பேசவில்லை. அவன் சொல்லக்கூட இல்லை, நானாகவே வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மனைவி, "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "தலைவலி" என்றேன். வாரா வாரம் ஊருக்கு உபதேசம் செய்கிறவன், பத்து ரூபாய் கட்டப் போய் டெர்ம் ஃபீஸைக் கோட்டைவிட்டான் என்று எப்படிச் சொல்வது? சனி போனது. ஞாயிறு போனது. டாக்காவின் வார விடுமுறையும் மணிலாவின் புத்தாண்டும் இல்லாமலேயே, என் வெட்கத்தை வைத்துத் திருடனுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து அவள் செல்போனுக்கு ஒரு மெசேஜ்: ஃபீஸ் கட்ட இன்றே கடைசி நாள். நான் அவசரமாக, "இப்பெல்லாம் இப்படித்தான் ஃப்ராடு மெசேஜ் வருது, நம்பாதே" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மெசேஜில் இருந்த நம்பரைத் தொடவில்லை. பையனின் பையிலிருந்து ஸ்கூல் டைரியை எடுத்து, அதில் அச்சாகியிருந்த நம்பருக்குப் போன் செய்து கேட்டாள். மெசேஜ் நிஜம். ஃபீஸ் கட்டவில்லை என்பதும் நிஜம்.

இத்தனை பத்தியில் நான் சொல்ல வந்ததை அவள் ஒரே நிமிஷத்தில் செய்துவிட்டாள். பி.காம். கூட இல்லை, பி.எஸ்ஸி. ஜூவாலஜி.

சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பணம் போனா போகுது. மூணு நாளா பக்கத்துலயேதானேங்க இருந்தேன்? என்கிட்ட சொல்ல என்ன?" என்றாள். 23,500-ஐ விட அது வலித்தது.

அவள்தான் 1930-க்குப் போன் போட்டாள். பணம் சம்பந்தமான ஆன்லைன் மோசடிகளுக்காக இந்தியா முழுவதற்கும் இருக்கிற நம்பர் அது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்தக் கணக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார்கள். புகாரை வைத்து, பணம் போன வங்கிகளுக்குத் தகவல் சொல்லி, இன்னும் எடுக்காமல் கிடப்பதை முடக்கப் பார்ப்பார்கள். என் பணம் அதற்குள் நான்கு கணக்கு தாண்டியிருந்தது. கடைசிக் கணக்கில் 2,140 ரூபாய் மட்டும் மாட்டியது.

"வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருந்தீங்கன்னா ஸார்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நல்ல மனிதர்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கையிலும் இதே கணக்குதான். நம் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியில் எங்கோ நடந்த கோளாறால் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் நமக்கு இல்லை. ஏழு நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நம் தலையில். என்னை மாதிரி நாமே கதவைத் திறந்துவிட்ட கேஸில், வங்கிக்குச் சொல்லும் வரை போனதெல்லாம் நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியுடையது. அதாவது சொல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் நம் செலவுக் கணக்கில்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு விதி. ஒன்று, போனில் யார் அவசரப்படுத்தினாலும் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு நமக்கு முன்பே தெரிந்த நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். நிஜமான அதிகாரி பத்து நிமிஷம் காத்திருப்பார். இரண்டு, ஏமாந்துவிட்டால் முதலில் செல்போனில் நெட்டை அணைத்து, அந்த ஆப்பைத் தூக்கி எறிந்து, வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேச வேண்டும். பாஸ்வேர்டையும் வேறு போனிலிருந்தே மாற்ற வேண்டும். வீட்டில் எவரும் 'இது கூடத் தெரியாதா உனக்கு?' என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் என் மாமனார், "மாப்ளே, தப்பு பண்ணிட்டேன் போல இருக்கு" என்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். வங்கிக்கு உடனே சொல்லி கார்டை நிறுத்தினோம். ஒரு ரூபாய் போகவில்லை. என் 23,500-ல் கொஞ்சம் வசூலான மாதிரி இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் கரண்ட் கட் ஆகவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு ஆனது. தெரு முழுக்க, அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து, "உங்களுக்கும் போயிடுச்சா, ஸார்?" என்றார்.

"போயிடுச்சு ஸார்" என்றேன்.

அவருக்கு இலவசமாகப் போயிருந்தது.